ஒப்புக்கு ஒரு டிஎன்எஸ்!

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்க்கலாம். மாதத்தின் 20-ம் தேதி. காலை பதினொரு மணி. பன்னிரண்டு கணினிகள் உள்ள ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீஸ். மாதா மாதம் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்பவர்களுக்கு அன்றுதான் கடைசி நாள். திடீரென்று ஒரு மேஜையிலிருந்து குரல் வருகிறது.

"சார், சர்வர் போச்சு!"

அடுத்த நிமிடம் பக்கத்து மேஜையிலும் அதே குரல். கணக்குகள் இருக்கும் சர்வரைத் தேடினால் "அப்படி ஒன்று இல்லை" என்கிறது கணினி. வேடிக்கை என்னவென்றால் இணையம் வேலை செய்கிறது. ஜிஎஸ்டி தளம் திறக்கிறது. கூகுள் திறக்கிறது. பத்தடி தூரத்தில் ஃபேன் சத்தத்தோடு ஓடிக்கொண்டிருக்கும் சொந்த சர்வர் மட்டும் கிடைக்கவில்லை!

சர்வரை அணைத்துப் போடுகிறார்கள். ரூட்டரை அணைத்துப் போடுகிறார்கள். கேபிளைப் பிடுங்கிச் செருகுகிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மதியம் மூன்று மணிக்கு ஹார்டுவேர்காரர் வருகிறார். சர்வரின் பெயருக்குப் பதிலாக ஐபி முகவரியை நேரடியாக அடிக்கிறார். டக்கென்று எல்லாக் கோப்புகளும் திறக்கின்றன.

சர்வர் போகவே இல்லை. பெயரை முகவரியாக மாற்றிச் சொல்லும் டிஎன்எஸ் சர்வர்தான் போயிருக்கிறது. மூலையில் இருந்த அந்தத் தனிக் கணினியின் ஹார்டு டிஸ்க் காலையில் உயிரை விட்டிருக்கிறது.

"அதான் செகண்டரி டிஎன்எஸ் போட்டிருக்கே அண்ணே?" என்று கேட்கிறார் ஒரு ஆர்ட்டிக்கிள் மாணவர். போட்டுத்தான் இருக்கிறது. எல்லாக் கணினியிலும் இரண்டாவது கட்டத்தில் அழகாக 8.8.8.8 என்று இருக்கிறது.

பிரச்சினையே அங்கேதான்.

சிறு அலுவலகங்களில் இரண்டாவது டிஎன்எஸ் என்பது பாதுகாப்பு ஏற்பாடாக இல்லை. விண்ணப்பப் படிவத்தில் காலியாக விடக்கூடாத கட்டம் மாதிரி, எதையாவது எழுதி நிரப்புகிறார்கள். ஒப்புக்கு ஒரு டிஎன்எஸ். இல்லாததை விட இது மோசம். இல்லை என்றால் இல்லை என்றாவது தெரிந்திருக்கும். ஒப்புக்கு இருந்தால், இருக்கிறது என்ற நிம்மதியில் தூங்கிவிடுவார்கள்.

ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள்

டிஎன்எஸ் என்ன செய்கிறது என்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். மனிதர்கள் பெயரை நினைவில் வைப்பார்கள், இயந்திரங்கள் எண்ணை வைத்துப் பேசும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் முகவரிப் புத்தகம் அது. ஒரு காலத்தில் இணையத்தின் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே ஒரு கோப்பில்தான் இருந்தன. எல்லோரும் அதைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகியதும் அது தாங்கவில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் பெயர்களைப் பல சர்வர்களில் பிரித்து வைக்கும் முறையை வடிவமைத்தார். அதுதான் டிஎன்எஸ்.

1987 நவம்பரில் வெளிவந்த ஆர்எஃப்சி 1034 என்ற ஆவணம் இன்றும் இதற்கு அடிப்படை. ஒவ்வொரு பெயர்ப் பகுதியும் குறைந்தது இரண்டு சர்வர்களில் இருக்க வேண்டும் என்று அதிலேயே சொல்லிவிட்டார்கள். யோசனையாக இல்லை, நிபந்தனையாகவே. 1997 ஜூலையில் ஆர்எஃப்சி 2182 வந்தது. இரண்டாவது சர்வரை எங்கே வைப்பது, எப்படி நடத்துவது என்பதற்காகவே எழுதப்பட்ட ஆவணம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதே, ஒரே இணைப்பில் வைக்காதே என்பதுதான் அதன் சாரம்.

இரண்டும் இணையத்தில் எல்லோருக்கும் தெரியும் பெயர்களை வைத்து எழுதப்பட்டவை. ஆனால் உள்ளே இருக்கும் தர்க்கம் பன்னிரண்டு கணினி ஆபீஸுக்கும் அப்படியே பொருந்தும். தனித்தனியாக விழக்கூடிய இரண்டு பேர் வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் விதி. இந்த விதியை மூன்று விதமாக மீறுகிறார்கள்.

முதல் வகை: ஊர் பேர் தெரியாதவர்

8.8.8.8 என்பது 2009 டிசம்பரில் தொடங்கிய கூகுளின் பொது டிஎன்எஸ். அதில் குறை ஒன்றும் இல்லை. உலகத்தில் உள்ள தளங்களின் பெயர் எல்லாம் அதற்குத் தெரியும். ஆனால் இந்த ஆபீஸின் கணக்கு சர்வர் பெயர் அதற்கு எப்படித் தெரியும்?

ஒரு கடையில் காசாளர் லீவு. அவருக்குப் பதிலாக வெளியூரிலிருந்து ஒருவரைக் கல்லாவில் உட்கார வைக்கிறார்கள். இருபது வருட வாடிக்கையாளர் வந்து தன் கணக்கைக் கேட்கிறார். "உங்க பேர்ல அப்படி ஒரு கணக்கே இல்லையே சார்" என்கிறார் புதியவர். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கையில் இருக்கும் புத்தகத்தில் இல்லை. ஆனால் கேட்டவர் நம்பிவிட்டுப் போய்விடுகிறார்.

டிஎன்எஸ்ஸிலும் இதேதான். பதிலே வராமல் இருப்பது வேறு. "இல்லை" என்ற பதில் வருவது வேறு. பதில் வராவிட்டால்தான் கணினி அடுத்த சர்வரிடம் போகும். "அந்தப் பெயர் இல்லை" என்று ஒரு சர்வர் சொல்லிவிட்டால் அது முழுமையான பதில். கணினி அதை நம்பிவிடும். வேறு யாரிடமும் கேட்காது.

இதனால் முதல் சர்வர் உயிரோடு இருக்கும்போதே தொல்லை வரலாம். அது ஒரு கணம் பதில் சொல்லத் தாமதித்தால் போதும், கணினி இரண்டாவதிடம் போகும். அங்கே "இல்லை" என்பார்கள். போன கணினி உடனே முதல் சர்வரிடம் திரும்பிவிடும் என்றும் சொல்ல முடியாது. "காலையில வந்துச்சு, இப்ப வரல, மறுபடி வருது" என்று ஆபீஸில் புலம்புவார்களே, அதற்குப் பின்னால் பல நேரம் இந்த ஏற்பாடுதான் இருக்கும். போதாக்குறைக்கு, உள்ளே இருக்கும் சர்வர்களின் பெயர்களை எல்லாம் வெளியே ஒருவரிடம் கேட்டுக்கொண்டிருப்பது வேறு!

விண்டோஸ் டொமைன் வைத்திருக்கும் ஆபீஸ்களுக்கு மைக்ரோசாஃப்ட் சொல்வதும் இதைத்தான். ஆபீஸ் கணினிகளில் உள் டிஎன்எஸ் சர்வர்களை மட்டும் கொடுக்க வேண்டும். வெளி உலகப் பெயர்களை அந்த சர்வர்கள் வெளியே கேட்டு வாங்கித் தரட்டும். 8.8.8.8 இருக்க வேண்டிய இடம் சர்வரின் ஃபார்வர்டர் பட்டியல். ஊழியரின் கணினி அல்ல.

இரண்டாவது வகை: ஒரே உடம்பில் இரண்டு தலை

இன்னும் சிலர் கொஞ்சம் விவரமானவர்கள். உள் சர்வரே இரண்டு வைப்பார்கள். ஆனால் இரண்டும் ஒரே பெட்டிக்குள் ஓடும் இரண்டு மெய்நிகர் கணினிகள். பெட்டியின் பவர் சப்ளை போனால் இரண்டும் சேர்ந்து போகும். அல்லது பெட்டி இரண்டு இருக்கும், இரண்டும் ஒரே யுபிஎஸ்ஸில், ஒரே ஸ்விட்சில். யுபிஎஸ் பேட்டரி செத்தால் கதை முடிந்தது. காகிதத்தில் இரண்டு, நிஜத்தில் ஒன்று.

இதில் சிறியவர் பெரியவர் வித்தியாசம் இல்லை. 2001 ஜனவரி 23 மாலை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் ஒரு தொழில்நுட்பப் பணியாளர் ரூட்டர் அமைப்பில் ஒரு மாற்றம் செய்தார். அதில் தவறு. நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்களுக்கும் இணையத்துக்கும் இடையே தொடர்பு அறுந்தது. மைக்ரோசாஃப்ட் தளம், எம்எஸ்என், ஹாட்மெயில் எல்லாம் பலருக்குக் கிடைக்காமல் போயின. அந்தத் தளங்களை நடத்திய சர்வர்கள் நன்றாகத்தான் இருந்தன. பெயர் சொல்லத்தான் ஆள் இல்லை. சரியாக ஏறத்தாழ 22 மணி நேரம் ஆனது.

டிஎன்எஸ் சர்வர் ஒன்றே ஒன்றுதான் வைத்திருந்தார்களா? இல்லை. நான்கு வைத்திருந்தார்கள். நான்கும் ஒரே வலைப்பகுதியில்! அப்படி வைக்காதே என்று ஆர்எஃப்சி 2182 சொல்லி மூன்றரை ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த அடிக்குப் பிறகுதான் அகமாய் என்ற வெளி நிறுவனத்தின் டிஎன்எஸ் சேவையையும் சேர்த்துக்கொண்டார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

பாடம் கற்றுக்கொண்டார்களா உலகத்தார்? 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் காணாமல் போயின. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையைத் துண்டித்தது. அவர்களுடைய டிஎன்எஸ் சர்வர்கள் பல ஊர்களில் இருந்தன. ஆனால் தரவு மையத்தோடு பேச முடியாவிட்டால் "என்னிடம் வராதே" என்று தாமே ஒதுங்கிக்கொள்ளும்படி எல்லாவற்றையும் ஒரே மாதிரி அமைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் ஒதுங்கிக்கொண்டன. இடம் வேறாக இருந்தால் மட்டும் போதாது, விழுவதற்கான காரணமும் வேறாக இருக்க வேண்டும் என்பது அன்று தெரிந்தது. பெயர்கள் கிடைக்காததால் கோளாறைச் சரி செய்ய வேண்டிய அவர்களுடைய உள் கருவிகளே வேலை செய்யவில்லை என்பது தனிச் சோகம்.

மூன்றாவது வகை: போன வருஷத்துப் பஞ்சாங்கம்

மூன்றாவது வகையினர் தனிப் பெட்டி வைப்பார்கள், தனி இடத்தில் வைப்பார்கள். வைத்ததோடு மறந்துவிடுவார்கள்.

இரண்டாவது சர்வர் முதல் சர்வரிடமிருந்து பெயர்ப் பட்டியலைப் பிரதி எடுத்துக்கொள்ளும். பட்டியலில் ஒரு வரிசை எண் இருக்கும். அந்த எண் கூடியிருந்தால்தான் புதிய பட்டியல் வந்திருக்கிறது என்று அதற்குத் தெரியும். கையால் கோப்பைத் திருத்துபவர் பெயரைச் சேர்த்துவிட்டு எண்ணைக் கூட்ட மறந்தால், இரண்டாவது சர்வர் பழைய பட்டியலையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கேட்டால் பழைய முகவரியைத் தைரியமாகச் சொல்லும்.

இன்னொரு கண்ணி ஃபயர்வால். சாதாரணக் கேள்வி பதில் பெரும்பாலும் யுடிபி 53 வழியாக நடக்கும். முழுப் பட்டியலைப் பிரதி எடுப்பது டிசிபி 53 வழியாக. முதலாவதைத் திறந்துவிட்டு இரண்டாவதை அடைத்து வைத்தால் கேள்விகளுக்குப் பதில் வரும், பிரதி மட்டும் வராது. வெளியே பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். பட்டியலில் குறித்த காலாவதி நேரம் தாண்டியதும் இரண்டாவது சர்வர் அந்தப் பெயர்களுக்குப் பதில் சொல்வதையே நிறுத்திவிடும். இந்தக் காலாவதியை இரண்டு முதல் நான்கு வாரம் வைக்கச் சொல்வது வழக்கம். ஆக, இன்று அறுந்த பிரதி சில வாரம் கழித்துத்தான் காட்டிக்கொடுக்கும். அதுவும் எப்போது? முதல் சர்வர் விழும் நாளில்!

"அதெல்லாம் செலவு சார்"

முதலாளிகளின் பதில் எப்போதும் ஒன்றுதான். செலவு. சரி, கணக்கே போட்டுப் பார்க்கலாம்.

பன்னிரண்டு ஊழியர்கள். ஆளுக்கு மாதம் 15,000 ரூபாய் சம்பளம். மாதம் 25 நாள், நாளுக்கு 8 மணி நேரம் வேலை என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஆளுக்கு 75 ரூபாய். பன்னிரண்டு பேருக்கு 900 ரூபாய். காலை 11 முதல் மதியம் 3 வரை நான்கு மணி நேரம் சும்மா உட்கார்ந்தால் 3,600 ரூபாய்.

எல்லா ஆபீஸிலும் மூலையில் ஒரு பழைய டெஸ்க்டாப் கிடக்கும். 40,000 ரூபாய்க்கு வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். கணினிக்கு வருமான வரிச் சட்டப்படி தேய்மானம் 40 சதவீதம். ஐந்து ஆண்டில் அதன் ஏட்டு மதிப்பு 3,110 ரூபாய்க்கு வந்துவிடும். நான்கு மணி நேர முடக்கத்தின் சம்பள நஷ்டம் அந்தப் பெட்டியின் மதிப்பை விட அதிகம்! டிஎன்எஸ்ஸுக்குப் பெரிய சக்தி தேவையில்லை. பன்னிரண்டு கணினி கேட்கும் கேள்விகளுக்கு அந்தக் கிழட்டுப் பெட்டி தாராளமாகப் பதில் சொல்லும்.

"கரண்ட் பில்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 60 வாட் எடுக்கும் பெட்டி நாள் முழுக்க ஓடினால் மாதம் 43 யூனிட். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்றால் 430 ரூபாய். வருடத்துக்கு ஐயாயிரத்தைத் தாண்டும். அது வேண்டாமென்றால் ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கணினி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. 5 வாட் என்று வைத்தால் மாதம் 3.6 யூனிட், 36 ரூபாய். ஆபீஸில் ஒரு நாள் டீச் செலவு அதை விட அதிகம். பைண்ட் போன்ற டிஎன்எஸ் மென்பொருள் இலவசம். விண்டோஸ் டொமைன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு டொமைன் கன்ட்ரோலர் வேண்டும், அதற்கு லைசென்ஸ் செலவு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆபீஸ்களில் முதல் சர்வர் போனால் பெயர் மட்டும் போவதில்லை, லாகின் ஆவதே சிக்கலாகிவிடும். இரண்டு இருக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்வது அதனால்தான்.

ஆடிட்டிங் பாடத்தில் முதல் சில அத்தியாயங்களிலேயே ஒன்று வரும். பணம் வாங்குபவரும் கணக்கு எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது, காசோலைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும் என்று. ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக் கொடுக்கும் ஆபீஸில் மொத்த வேலையும் ஒரே ஹார்டு டிஸ்க்கை நம்பி நடக்கிறது. வாடிக்கையாளர் நிறுவனத்தில் இப்படி இருந்தால் அறிக்கையில் எழுதுவார்கள். சொந்த ஆபீஸ் என்றால் கண்ணில் படுவதில்லை!

எல்லோருக்கும் வேண்டுமா?

வேண்டாம். உள் சர்வரே இல்லாத ஆபீஸ்கள் இருக்கின்றன. ரூட்டர், நான்கு கணினி, ஒரு பிரிண்டர், எல்லா வேலையும் இணையத்தில். அவர்கள் சொந்த டிஎன்எஸ் சர்வர் வைப்பது வீண். இரண்டு பொது டிஎன்எஸ் முகவரிகள் போதும். ஆனால் அங்கேயும் ஒப்புக்கு நிரப்பக் கூடாது.

2025 ஜூலை 14 அன்று கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 பொது டிஎன்எஸ் 62 நிமிடம் முடங்கியது. யாரும் தாக்கவில்லை. அவர்களுடைய அமைப்பில் நேர்ந்த தவறு. இரண்டாவதாக 1.0.0.1 போட்டிருந்தவர்கள் தப்பினார்களா? இல்லை. அதுவும் அவர்களுடையதுதான், அதுவும் சேர்ந்தே விழுந்தது. இந்திய நேரப்படி அது ஜூலை 15 அதிகாலை 3:22 மணி. ஆபீஸ்கள் தூங்கிக்கொண்டிருந்ததால் இங்கே பலருக்குத் தெரியவே தெரியாது. அதுவே காலை 11 மணியாக இருந்திருந்தால்? ஒன்று ஒரு நிறுவனத்தினுடையது, மற்றது வேறு நிறுவனத்தினுடையது. இதற்கு ஒரு பைசா செலவில்லை. ஐந்து நிமிடம் போதும்.

பிடுங்கிப் பார்க்காதது இருக்கிறது என்று அர்த்தமில்லை

உள் சர்வர் உள்ள ஆபீஸ் செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. இரண்டாவது சர்வர் வேறு பெட்டியில், வேறு யுபிஎஸ்ஸில், முடிந்தால் வேறு ஸ்விட்சில் இருக்க வேண்டும். முதல் சர்வருக்குத் தெரிந்த எல்லா உள் பெயர்களும் அதற்குத் தெரிய வேண்டும். இரண்டு முகவரிகளையும் டிஎச்சிபி வழியாக எல்லாக் கணினிக்கும் கொடுக்க வேண்டும். மேஜை மேஜையாகப் போய்க் கையால் அடிக்கக் கூடாது. ஒரு கணினியில் விட்டுப்போனால் யாருக்கும் தெரியாது.

கடைசியாக ஒன்று. இதைத்தான் யாருமே செய்வதில்லை. மாதத்தில் ஒரு நாள், வேலை குறைந்த ஒரு சனிக்கிழமை மாலை, முதல் சர்வரின் கேபிளைப் பிடுங்க வேண்டும். பிடுங்கிவிட்டு வேலை நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். லினக்ஸ் கணினிகள் வழக்கமான அமைப்பில் முதல் சர்வருக்காக 5 விநாடி காத்திருந்துவிட்டுத்தான் இரண்டாவதைக் கேட்கும். ஒவ்வொரு முறையும் இப்படித் தாமதமானால் இரண்டாவது சர்வர் இருந்தும் ஊழியர்கள் "ஹேங் ஆயிடுச்சு" என்றுதான் சொல்வார்கள். அது சனிக்கிழமை தெரிந்தால் காத்திருக்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். 20-ம் தேதி தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

தீயணைப்புக் கருவியை வாங்கி மாட்டி வைத்துவிட்டு, உள்ளே காஸ் இருக்கிறதா என்று பத்து வருடம் பார்க்காத கட்டிடத்தைப் பார்த்தால் கோபம் வருகிறதல்லவா? சோதிக்காத இரண்டாவது சர்வரும் அதே ரகம்தான்.

இதையெல்லாம் செய்யாமல் மிச்சம் பிடிப்பவர் முதலாளி. மிச்சத்துக்கான விலையைக் கொடுப்பவர் அவர் அல்ல. அந்த 20-ம் தேதியை மறுபடி பார்த்தால் தெரியும். தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 50 ரூபாய், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அது வாடிக்கையாளர் தலையில். "காலையிலேயே ஏன் முடிக்கல?" என்ற திட்டு ஆர்ட்டிக்கிள் பையன்கள் தலையில். நான்கு மணி நேரம் சும்மா இருந்துவிட்டு இரவு பதினொன்றரை வரை உட்கார்ந்து கடைசி பஸ்ஸை விடுவது கணக்கு எழுதும் பெண்களின் தலையில். செலவை மிச்சம் பிடிக்கவில்லை, அடுத்தவர் பெயருக்கு மாற்றி எழுதியிருக்கிறார்கள். கணக்கு படித்தவர்களுக்கு இது புரியாமல் இருக்காது.

ஆகவே ஆபீஸில் யாராவது "நமக்குத்தான் செகண்டரி டிஎன்எஸ் இருக்கே" என்று பெருமையாகச் சொன்னால், சண்டை எதுவும் போட வேண்டாம். ஒரே ஒரு கேள்வி போதும்.

"முதல் கேபிளைக் கடைசியா எப்ப சார் பிடுங்கிப் பார்த்தீங்க?"